பேய் ரயிலில் அம்மா

பேய் உட்கார்ந்திருந்த இடத்தில் என் அம்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவன் என் தம்பி ரூபேந்திரன். ஏதோ அம்மாவுக்கு டத்தோ பட்டம் கிடைத்த மாதிரி, வீடியோவுக்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள் வேறு.

கோத்தா திங்கி போகிற சாலையில் கெம்பாரா ரியா என்று ஒரு பார்க். ஜொகூரில் வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுற்றுலா என்ற பெயரில் ஒரு தடவையாவது அங்கே போய் வாந்தி எடுத்திருப்பார்கள். அதில் ஒரு பேய் ரயில் இருந்தது. இருட்டுக் குகைக்குள் தடதடவென்று போகும். ஓர் இடத்தில் எலும்புக்கூடு எழுந்து நிற்கும். இன்னோர் இடத்தில் தலையில்லாத ஜப்பான் சிப்பாய். கடைசித் திருப்பத்தில் பொந்தியானாக் என்கிற மலாய்ப் பெண்பேய், தலைவிரி கோலமாக, நம் கழுத்தை நெரிக்கிற மாதிரி கையைத் தூக்கும். பாதி நாள் அந்தக் கையும் வேலை செய்யாது. அதற்கும் நாங்கள் கத்தினோம். மட்டமான ரயில்தான். ஆனால் தான் மட்டம் என்பதை அது மறைத்ததில்லை.

இப்போது அதைப் புதுப்பித்து, 'தோட்டத்து ரயில்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ரப்பர்த் தோட்டம் நம் பாரம்பரியமாம். பாரம்பரியத்துக்காகப் புதிதாக நான்கு பொம்மை வாங்கவும் மனம் வரவில்லை போலிருக்கிறது. இருந்த பேய்களுக்கே கைலியும் புடவையும் சுற்றித் தோட்டத் தொழிலாளி ஆக்கிவிட்டார்கள். எலும்புக்கூட்டுக்குச் சதை வைத்து, ஆட்களை மிரட்டி வேலை வாங்குகிற கங்காணி. தலையில்லாத சிப்பாய்க்குத் தலை வைத்து, அதில் முண்டாசு கட்டி, கையில் பால் வாளி. பொந்தியானாக்கின் கூந்தலை வாரிக் கொண்டை போட்டு, முகத்தைக் கழற்றிவிட்டு, என் அம்மாவின் முகத்தை மாட்டினார்கள். கழுத்தை நெரிக்க எழுந்த கை இப்போது டாட்டா காட்டுகிறது.

இதற்கெல்லாம் மூளை என் தம்பி. பார்க்கில் அவனுக்குக் கலாச்சார ஆலோசகர் என்று ஒரு பதவி. எங்கள் குடும்பம் பண்டார் தெங்காரா பக்கத்து ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தை விட்டுத் தம்போய்க்கு வந்த பிறகு பிறந்தவன் அவன். கித்தா என்கிற ரப்பர் மரத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்தவன். அவன்தான் எங்கள் கலாச்சாரத்துக்கு ஆலோசனை சொல்கிறான்.

பழைய ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் புகைப்படத் தொகுப்பை இன்டர்நெட்டில் தோண்டி, அம்மாவின் படத்தை எடுத்திருக்கிறான். கீழே புஷ்பவள்ளி என்று பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்ததால் அடையாளம் தெரிந்ததாம். நெற்றியில் விளக்குக் கட்டி, கையில் பால்வெட்டும் கத்தியோடு, இருபது வயது அம்மா. நான் அப்போது அவள் வயிற்றில் இருந்திருக்கிறேன். அந்தப் படத்தை அம்மா இன்றுவரை பார்த்ததில்லை. எடுத்த துரை அவளிடம் கொண்டுவந்து காட்டியிருப்பானா என்ன? படத்தில் அவள் சிரிக்கவில்லை. கேமராவைப் பிடுங்கி எறிந்துவிடுவாள் போலப் பார்க்கிறாள்.

பொம்மை சிரித்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. கட்டியிருந்தது சிவப்புப் பட்டு, அதில் கையகலச் சரிகை. முகத்தில் மஞ்சள் நிறத்தை அப்பியிருந்தார்கள். நெற்றியில் அகலப் பொட்டு. தலைவிளக்கைச் சுற்றிப் பித்தளையில் ஒரு வட்டம், பின்னால் குபுகுபுவென்று புகை. கொசு விரட்டப் புகை போடுவார்களாமே, அதுவாம். விடியாத நேரத்தில் அட்டைக்கடிக்கு நடுவே பால் வெட்டப் போகிறவள் பட்டுப்புடவையா கட்டுவாள்? போன் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

உண்மையான நிறத்தில் கட்டினால் இருட்டில் தெரியாது என்றான். சிரிப்பு எதற்கடா என்றேன்.

"சிரிக்கலன்னா பிள்ளைங்க பயப்படும் லா, அக்கா."

நேற்றுவரை பிள்ளைகளைப் பயமுறுத்தத்தான் அங்கே பொம்மை வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

தம்போயில் என் கணவரின் கார் பட்டறையில் கல்லாவில் உட்காருகிறவள் நான். கஸ்தூரி அக்கா வாயைத் திறந்தால் ஸ்பேனர் சத்தம் நின்றுவிடும் என்று பையன்கள் சொல்வார்கள். சொல்லட்டும். மறுநாளே பார்க்குக்குப் போனேன். அந்த முகம் அங்கிருந்து போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அம்மாவுக்காக எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மனுஷி பட்ட பாட்டுக்குப் பல் வைத்து, பட்டுக் கட்டி, ஐஸ்கிரீம் நக்குகிறவர்களுக்கு டாட்டா காட்ட வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

மேலாளர் ஷஹீரா ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான் கத்தி முடிக்கிறவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். முகம் அம்மாவுடையது. அதனால் முடிவும் அம்மாவுடையது. அவர் வேண்டாம் என்றால் சனிக்கிழமைத் திறப்புவிழாவுக்கு முன்னால் வேறு முகம் மாட்டிவிடலாம். ஆனால் அவர் நேரில் வந்து ரயிலில் போய்ப் பார்க்க வேண்டும். நானும் தம்பியும் முன்கூட்டி எதுவும் சொல்லி அவர் மனத்தைக் கலைக்கக் கூடாது.

உடனே சரி என்றேன். சொல்லாமல் கூட்டிப்போவது எனக்குத்தான் வசதி. சொன்னால் ரூபேந்திரன் முந்திக்கொண்டு போய் அம்மாவின் மடியில் தலை வைத்து மயக்கிவிடுவான். தோட்டத்து விஷயத்தில் அம்மா எப்படி என்று எனக்குத் தெரியும். டிவியில் தோட்டம் வந்தால் ரிமோட்டைத் தேடுவாள். கோயிலில் யாராவது, அந்தக் காலத்தில் நம்ம தோட்டத்தில் என்று ஆரம்பித்தால், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். தன் முகத்தை அந்தக் கோலத்தில் பார்த்தால் ரயிலை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்போது ரூபேந்திரனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை அம்மாவைக் காரில் ஏற்றினேன். தம்பி வேலை செய்கிற இடத்தைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. அப்படியிருந்தும் சாலையோரத்துக் கோயில் ஒன்றும் அவள் பார்வைக்குத் தப்பாது. முனியாண்டி வந்தால் நான் ஹாரன் அடிக்க வேண்டும், அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அடிக்க மறந்தால் அடுத்த கோயில் வரும்வரை முணுமுணுப்பு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அடித்தேன். வீணாக எதற்கு அவளிடம் பேச்சு வாங்குவது?

ரயிலை ஓட்டுகிறவர் வேலு என்ற டெக்னிஷியன். குகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். பாரம்பரியத்துக்குச் செலவு செய்தவர்கள் வேலையாளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தரவில்லை என்று அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். முன்வரிசையில் நானும் அம்மாவும். பின்னால் ஷஹீராவும் ரூபேந்திரனும். மடிக்கு மேல் இரும்புக்கம்பி வந்து இறங்கியது. அம்மா அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

முதலில் பெரட்டுக்களம். விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். பழைய எலும்புக்கூடு கங்காணி வேஷத்தில் நின்று, இடுப்பை வளைத்து எங்களுக்கு வணக்கம் சொன்னது. இது யாரு என்று அம்மா கேட்டாள். கங்காணி என்றேன்.

"கங்காணியா கும்புடுறான்?"

சிரிக்கவில்லை. திரும்பி அந்தப் பொம்மை மறைகிறவரை பார்த்தாள். எனக்குப் பரம திருப்தி. அடுத்து லயத்து வீடுகள், தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியவை. வாசலில் பெண்கள் கும்மியடித்தார்கள். ஒழுகுகிற கூரையும் வீட்டு முன்னால் ஓடிய சாக்கடையும் எங்கே போயின என்று தெரியவில்லை. மல்லிகை வாசனையை எங்கிருந்தோ பீய்ச்சினார்கள், அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கள்ளுக்கடையை இளநீர்க்கடை ஆக்கியிருந்தார்கள். அங்கே ஒருவன் இளநீர் குடித்துவிட்டுத் தள்ளாடினான். பழைய பேய் ரயிலில்கூட இவ்வளவு பொய் இல்லை என்று பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

பிறகு மரங்கள் வந்தன. பாட்டு நின்றுவிட்டது. சில்லென்று காற்று. இருட்டில் வரிசை வரிசையாக மரம். வெகுதூரத்தில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் நெற்றி உயரத்தில் நகர்ந்துகொண்டிருந்தன. எங்கோ வாளியில் பால் சொட்டுகிற சத்தம். சொல்ல எனக்கே கசக்கிறது, இந்த ஒரு பகுதி நன்றாக இருந்தது. நான் கைக்குழந்தையாக ஏணையில் கிடந்தபோது அம்மா போய் நின்ற இருட்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இதோ கோபம் வருகிறது, சரியான நேரம்தான் என்று நினைத்தேன்.

கடைசித் திருப்பம். மரங்களுக்கு நடுவே ஒரு மாடம் மாதிரி குடைந்து, அதற்குள் பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். போனில் சின்னதாகப் பார்த்தபோது எனக்கு உறைக்காதது இப்போது எதிரே பெரிதாக இருந்தது. இருட்டுக்குள் மஞ்சள் பூசிய முகம். சிவப்புப் பட்டு. தலையைச் சுற்றிச் சுடர்விடும் வட்டம். ஒரு கையில் கத்தி, தூக்கிய இன்னொரு கை. சுற்றிலும் புகை. படம் எடுத்துக்கொள்வதற்காக வண்டி அங்கே நின்றது.

அம்மா காலாலேயே செருப்பை உதறினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கம்பி விடவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"தாயே," என்றாள்.

பின்னால் ரூபேந்திரன் மூச்சை இழுப்பது கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன், பொம்மையைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் பேசத் தொடங்கினாள். கோயிலில் வேண்டிக்கொள்வதுபோல முணுமுணுப்பாக இல்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி.

"எனக்கு ஒன்னும் வேணாம். இதோ ஒக்காந்திருக்காளே கஸ்தூரி, இவளப் பாரு. இவ வயித்துல இருக்கும்போது தெனமும் கோவத்தோடதான் பால் வெட்டுனேன். அப்ப வாயத் தொறக்க முடியாது. அம்புட்டும் உள்ளுக்கே போயி இவ மேல ஏறிடுச்சு. இவள பெத்தப்பவே கையி ரெண்டையும் முட்டியா இறுக்கிகிட்டுதான் வந்தா. அது என்னோட கோவம். எனக்கே திருப்பிக் குடுத்துடு, தாயே. இவ கொஞ்ச நாளாச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொம்மை கையை ஆட்டியது. வண்டி நகர்ந்தது.

என் கோபம் நானே சம்பாதித்தது என்று இத்தனை காலமும் இறுமாப்பாக இருந்தேன். பட்டறையில், பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் என்னை யாரும் ஏய்க்க முடியாதபடி காப்பாற்றியது அதுதான். அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டிக்கொள்ள மட்டும் வைத்திருந்திருக்கிறாள். அதையும் போய், தன் முகம் என்று தெரியாமல் தன் முகத்திடமே கேட்டிருக்கிறாள்.

வெளியே வந்ததும் வேலு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். அம்மா அவருடைய வெறுங்காலைப் பார்த்து, நல்லது என்பதுபோலத் தலையாட்டினாள். ஷஹீராவுக்கு முகமே சரியில்லை. அது சாமி இல்லை, பொம்மை என்று வேலையாட்களிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது என்றும், ஆனாலும் காலையில் வந்து பார்த்தால் அதன் காலடியில் எலுமிச்சம்பழம் கிடக்கிறது என்றும் என் காதில் சொன்னாள். பட்டுக் கட்டி மஞ்சள் பூசச் சொன்ன கலாச்சார ஆலோசகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கடைசி உருவம் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று ஷஹீரா அம்மாவிடமே கேட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்து ஒக்காந்தவள எடுக்குறதாவது? அவ அங்கயே இருக்கட்டும். வேணும்னா மத்ததெல்லாம் எடுத்துடுங்க. அந்தக் கும்புடுற கங்காணிய மொதல்ல எடுங்க."

ஆக, முகம் இருக்கும். நான் எதற்காக வந்தேனோ அது நடக்கவில்லை. ரூபேந்திரனுக்கும் அவன் கேட்டது கிடைக்கவில்லை. அம்மா தன்னையே பார்த்துப் பூரித்து நிற்பாள், பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போடலாம் என்று காத்திருந்தவன் அவன். அந்த ஆசை இன்னும் விடவில்லை. கண்கலங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு அம்மாவின் பக்கம் போனான்.

"அம்மா, அது யாருன்னு தெரியுமா? அது வந்து..."

அவன் காலை நன்றாக மிதித்தேன். தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் போனேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா அக்கா என்று குழந்தை மாதிரி கேட்டான். அவள் யாரிடமாவது எதையாவது கேட்டு நான் பார்த்ததில்லையடா, இன்றைக்குத்தான் வாயைத் திறந்திருக்கிறாள், கேட்ட இடத்தில் ஆளே இல்லை என்று போய்ச் சொல்லப் போகிறாயா என்றேன். அவன் மூக்கை உறிஞ்சினான். சொன்னால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அன்பாகச் சொன்னால் அவனுக்கு ஏறாது.

திறப்புவிழாவில் பார்க்கிறவர்கள் எல்லாம் சூடம் கொளுத்த ஆரம்பித்தால் என்ன செய்வது என்று ஷஹீரா தலையில் கை வைத்திருந்தாள். அது அவர்கள் பாடு. பேயைக் கழற்றிவிட்டு மனுஷியை மாட்டினார்கள். நம் ஆட்கள் அதை அம்மன் ஆக்கிவிட்டார்கள். தோட்டத்துப் பெண்ணைத் தோட்டத்துப் பெண்ணாகப் பார்க்கிற ஒரு கண் மட்டும் இந்த ஊரில் யாருக்கும் வாய்க்கவில்லை.

அம்மாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேலுவிடம், இன்னொரு சுற்று விடுங்கள், நான் மட்டும் போகிறேன் என்றேன். நான் ஏறி உட்கார்ந்ததும் கம்பியை இறக்கினார்.

மறுபடி கும்பிடுகிற கங்காணி, மறுபடி மல்லிகை நாற்றம், இளநீரில் போதையானவன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திட்டிக்கொண்டே போனேன். மரங்களுக்குள் நுழைந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. மாடத்துக்கு முன்னால் வண்டி நின்றது.

பட்டுப்புடவை கண்றாவிதான். சிரிப்பும் கண்றாவிதான். கையால் அந்தப் பல்லை மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்த்தேன். அதை மாற்றத் தெரியாமல் விட்டுவிட்டிருந்தார்கள். யாரையோ எரித்துவிடுகிற கண். இருபது வயதில் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் நான் பார்த்த கண்.

நான் செருப்பைக் கழற்றவில்லை. கையையும் கூப்பவில்லை.

"அவ கேட்டாளேன்னு குடுத்துடாத," என்றேன். "அவ சுமந்தது போதும். அது என்கிட்டயே இருக்கட்டும்."